பண்டிகைச் சாப்பாட்டில் நின்றவள்

மே 2

தம்பிக்கு,

நீ மூணு தடவை ஃபோன் பண்ணினதா நர்ஸம்மா சொன்னாங்க. வேணும்னுதான் எடுக்கல. ஃபோன்ல நீ பேசுவே, நான் 'ம்' கொட்டுவேன். அதுக்குள்ள உன் பல் கிளினிக்ல யாராவது வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க, 'அக்கா, அப்புறம் பேசறேன்'னு வச்சிடுவே. கடிதம்னா குறுக்கே பேச முடியாது. முழுசாப் படிச்சுத்தான் ஆகணும்.

இந்த வருஷம் பண்டிகை மே 27. நம்ம வீட்டுல மதியச் சாப்பாடு வைக்கப்போறேன். அம்மா போனதிலிருந்து ஆறு வருஷமா இந்த வீட்டுல பண்டிகைக்குன்னு எதுவும் சமைச்சதில்ல. நீ, உன் வீட்டுக்காரி, பெரியவ, சின்னவன் நாலு பேரும் வரணும்.

அப்பா அப்படியேதான் இருக்கார். வாதம் வந்து இந்த மாசத்தோட ரெண்டு வருஷம். வலது பக்கம் முழுக்கப் போனது போனதுதான். பேச்சும் வரல. புத்தி மட்டும் பழைய மாதிரி கூர்மையா இருக்கு. கடிகாரத்தைப் பார்க்கிறார், நர்ஸம்மா அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா முறைக்கிறார். சாப்பாடுதான் கஷ்டம். எல்லாத்தையும் அரைச்சுக் கூழாக்கி, ஸ்பூன் ஸ்பூனாக் குடுக்கணும். ஒரு பருக்கை வழி தவறினாலும் நுரையீரலுக்குப் போயிடும், அப்புறம் ஆள் தங்காதுன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருக்கார்.

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில அதே வேலைதான். நாள் பூரா லென்ஸ் தேய்ச்சுத் தேய்ச்சு, ஊருக்கெல்லாம் பார்வை தெளிவாகுது. பண்டிகைக்கு மூணு நாள் லீவு கேட்டிருக்கேன். பதினெட்டு வருஷத்துல நான் லீவு கேட்கிறது இது ரெண்டாவது தடவை, அதனால முதலாளி மறுபேச்சு பேசல.

வர்றியா இல்லையான்னு எழுது.

அக்கா

மே 7

என் அருமை அக்கா,

உன் கடிதத்தைப் பார்த்ததும் பயந்துட்டேன், அப்பாவுக்குத்தான் ஏதோன்னு. பிரிச்சா விருந்துக்கு அழைப்பு! கிளினிக்ல இருந்த பேஷன்ட்டுக்கு மரத்துப்போற ஊசியைப் போட்டுட்டு, அவர் மரத்துக்கிட்டு இருக்கிற நேரத்துல ரெண்டு தடவை படிச்சுட்டேன்.

வர்றோம். கண்டிப்பா வர்றோம். ரெண்டு வருஷமா வரல, எனக்கே தெரியுது. ஒவ்வொரு மாசமும் கிளம்பணும்னு நினைப்பேன், ஏதாவது ஒண்ணு குறுக்கே வரும். என் வீட்டுக்காரியும் சொல்லிக்கிட்டேதான் இருக்கா, பசங்களுக்குத் தாத்தான்னா யாருன்னே தெரியாமப் போயிடும்னு. பெரியவளுக்குப் பதினொண்ணு ஆகுது. வாயைத் திறந்தா கேள்விதான். சின்னவன் ஆறு வயசு, கேள்வியே கேட்காம எல்லாத்தையும் உடைச்சுப் பார்த்துடுவான்.

நம்ம வீட்டுப் பண்டிகைச் சாப்பாட்டை நினைச்சாலே எனக்கு இப்பவும் நாக்குல எச்சில் ஊறுது. அந்த நீள மேசை, ஆபீஸ்லேருந்து வர்ற அந்த நாலஞ்சு பெரிய மனுஷங்க, நடுவுல முழுக் கோழி! அப்பா கத்தியை எடுத்தா எல்லாரும் பேச்சை நிறுத்திடுவாங்க. தராசு இன்ஸ்பெக்டர் இல்லையா, கடை கடையாப் போய் எடைக்கல் சரியா இருக்கான்னு பார்த்த கை. எல்லாத் துண்டும் ஒரே அளவா விழும். தொடை மட்டும் நேரா என் தட்டுக்கு வரும். அப்புறம் அம்மா செய்யற அந்த முந்திரி போட்ட பால் இனிப்பு.

நீ கையில தண்ணி ஜக்கை வச்சுக்கிட்டு எல்லாருக்கும் சுத்திச் சுத்தி ஊத்துவே. பரிமாறுறதுல உனக்கு அப்பவே அப்படி ஒரு ஆசை. இப்ப நீயே விருந்து வைக்கிறேன்னு எழுதினதும் அதுதான் ஞாபகம் வந்துச்சு. சில பேருக்குப் பிறவியிலேயே அந்தக் கை வந்துடும் போல.

என்ன கொண்டு வரணும்னு எழுது.

உன் தம்பி

மே 12

தம்பிக்கு,

எதுவும் கொண்டு வர வேண்டாம். எல்லாம் இங்கேயே ஏற்பாடு ஆகுது.

மேசையை இழைக்கக் குடுத்து வாங்கியாச்சு. ஒரு கால் ஆடிக்கிட்டு இருந்துச்சு, அதையும் தட்டி நிறுத்தியாச்சு. அப்பாவோட பெரிய நாற்காலிக்குப் புதுசாப் பிரம்பு பின்னினேன். அம்மாவோட பீங்கான் தட்டுல ஒன்பது மிஞ்சியிருக்கு, விரிசல் இல்லாதது ஆறு. அந்த ஆறு போதும். மேசை விரிப்பைக் கஞ்சி போட்டுக் காய வச்சிருக்கேன்.

சமையல் அந்த நாள்ல என்னவோ அதேதான். முழுக் கோழி, பட்டாணி சோறு, வறுத்த மீன், வெண்ணெயில புரட்டின உருளைக்கிழங்கு, பால் இனிப்பு. அம்மா எதையும் எழுதி வைக்கல. எனக்கு எல்லாம் பார்த்த ஞாபகம்தான். பார்த்துக்கிட்டே இருந்தவளுக்கு ஞாபகம் நல்லாவே இருக்கும். போன ஞாயித்துக்கிழமை ஒரு தடவை ஒத்திகை பார்த்தேன். கோழி மேல தோல் முறுகலா வரல. அடுத்த ஞாயிறு திரும்பச் செய்வேன்.

அப்பா சக்கர நாற்காலியில அடுப்படி வாசல்ல உக்காந்து பார்க்கிறார். என்ன செய்யறேன், எப்படிச் செய்யறேன்னு அவர்கிட்ட ஒவ்வொண்ணாச் சொல்லுவேன். வெங்காயம் வதங்குதுப்பா, வெண்ணெய் உருகுதுப்பா, முந்திரி சிவக்குதுப்பா. வாசனை போகப் போக அவருக்கு எச்சில் ஓரமா வழியும். துடைச்சு விட்டுட்டு மிச்சத்தைச் சொல்லுவேன். அப்புறம் அவரோட கூழைக் குடுப்பேன். உப்பு கம்மி, காரம் கிடையாது.

ஒரு திருத்தம். நான் சுத்திச் சுத்தி வரல. ஒரே இடத்துலதான் நின்னேன், பாத்திர அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவுல. தண்ணி கேட்டவங்களுக்குப் போய் ஊத்திட்டுத் திரும்ப அங்கேயே வந்து நிப்பேன். உனக்கு அந்த இடம் ஞாபகம் இருக்கா?

அக்கா

மே 17

அருமை அக்கா,

ஒத்திகை எல்லாம் பார்க்கிறியா! உன்னோட ஒழுங்கு அப்படியே அப்பாதான் போ. ரத்தம் சும்மா விடுமா?

அலமாரிக்குப் பக்கத்துலன்னா... அங்கே ஒரு மீன் தொட்டி இருந்துச்சு இல்ல? சிவப்பு மீன், அதுல ஒண்ணு செத்து மிதந்து நான் அழுதேனே. அந்த இடம்தானே? வேற எதுவும் ஞாபகம் இல்ல அக்கா. சின்னப் புள்ளைக்குச் சாப்பாட்டு மேசையைத் தாண்டி என்ன தெரியும்?

என் வீட்டுக்காரிக்கு மீன் ஒத்துக்காது, கவிச்சின்னு மூக்கைப் பொத்திக்குவா. சின்னவன் பட்டாணியைப் பொறுக்கி ஓரமா வச்சுடுவான், கண்டுக்காதே.

இன்னொண்ணு. சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். தப்பா எடுத்துக்கக் கூடாது. அப்பாவுக்கு எச்சில் வழியும்னு எழுதியிருந்தே. பசங்க பார்த்துப் பழக்கமில்ல. சாப்பிடுற நேரத்துல பார்த்தா முகம் சுளிச்சுடுவாங்களோன்னு என் வீட்டுக்காரி பயப்படுறா. பெரியவருக்கும் அது மனசு கஷ்டம்தானே. அவருக்கு முன்னாடியே அவர் ரூம்ல ஊட்டிட்டு, நாம சாப்பிட்டு முடிச்சதும் பசங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினா என்ன? கதவைச் சாத்தி வச்சா அவருக்கும் சத்தம் தொல்லை இல்லாமத் தூங்கலாம். எல்லாருக்கும் நல்லதுன்னுதான் சொல்றேன். முடிவு உன்னோடது.

27ஆம் தேதி பதினொரு மணிக்கெல்லாம் வந்துடுவோம்.

தம்பி

மே 21

தம்பிக்கு,

மீன் தொட்டி பக்கத்து வீட்டுல இருந்துச்சு. நம்ம வீட்டுல எப்பவும் இருந்ததில்ல.

அப்பா நம்மகூடத்தான் இருப்பார். கதவெல்லாம் சாத்த மாட்டேன். அவருக்குன்னு ஒரு இடம் பார்த்து வச்சிருக்கேன்.

மீன் கிடையாது. அதுக்குப் பதிலா இன்னொரு கோழி.

காலையில எதுவும் சாப்பிடாம, பசியோட வாங்க.

அக்கா

மே 30

அக்கா,

மூணு நாளா பேனாவை எடுக்கிறதும் வைக்கிறதுமா இருக்கேன். இன்னைக்கு எழுதியே தீருறதுன்னு உக்காந்திருக்கேன்.

நீ மனுஷிதானா?

வந்து இறங்கினதும் நீ சிரிச்ச சிரிப்பென்ன, பசங்களைக் கட்டிப் பிடிச்சதென்ன. மேசையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரியே அசந்து போயிட்டா. என்னை அப்பாவோட நாற்காலியில உக்காரச் சொன்னே. சரி, மரியாதை பண்றேன்னு உக்காந்தேன். அப்புறம்தான் அவரைத் தள்ளிக்கிட்டு வந்தே. மேசைக்குக் கொண்டு வருவேன்னு பார்த்தா, அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவுல செவுத்தோரமா நிறுத்திட்டே. சாப்பிடுற எங்க எல்லாருடைய முகமும் அவருக்கு நேரா தெரியற மாதிரி. மடியில ஒரு வெறும் தட்டு! 'பேச்சுச் சத்தத்துல அவருக்குப் புரையேறும், நாம முடிச்சப்புறம் குடுக்கறேன்'னு சொன்னே. நானும் நம்பினேன். ரெண்டு மணி நேரம் அந்த மனுஷன் அங்கேயே உக்காந்து, கோழி எங்கே போகுது, சோறு எங்கே போகுதுன்னு பார்த்துக்கிட்டே இருந்தார். நீ ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டி 'வாசனை வருதாப்பா?'ன்னு வேற கேட்டே. திரும்பி வர்ற வழியிலதான் எனக்கு உறைச்சுது. அது மறதியும் இல்ல, வைத்தியமும் இல்ல. வேணும்னே செஞ்சிருக்கே. ஒரு முடமானவரை, பெத்த அப்பாவை!

அதோட நிறுத்தினியா? பாத்திரம் கழுவுற சாக்குல பெரியவளை அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போய் என்னத்தைச் சொன்னே? வீட்டுக்கு வந்ததிலிருந்து மேசையில உக்கார மாட்டேங்கிறா. தட்டை எடுத்துக்கிட்டுச் செவுத்தோரமாப் போய் நின்னுக்கிட்டே சாப்பிடுறா. மூணு நாளா! கேட்டா, 'அத்தைகிட்ட கேளுங்கப்பா'ங்கிறா. அவ அன்னைக்குக் கொஞ்சம் அடம் பிடிச்சா, நான் கண்டிச்சேன். அது எங்க வீட்டு விஷயம். எந்த அப்பன்தான் புள்ளையைக் கண்டிக்காம இருக்கான்? பச்சைப் புள்ள மனசுல நஞ்சை ஊத்தியிருக்கே நீ.

அப்பாவை இனிமே உன்கிட்ட விட்டு வைக்க முடியாது. நான் கூட்டிட்டு வந்துடறேன். என் வீட்டுல மரியாதையா, மனுஷனா இருக்கட்டும். அவர் துணிமணி, மருந்துச் சீட்டெல்லாம் எடுத்து வை.

தம்பி

ஜூன் 4

தம்பிக்கு,

எடுத்து வச்சாச்சு. ரெண்டு பெட்டி. மருந்துச் சீட்டு மேல் பெட்டியில இருக்கு, எந்த மருந்து எந்த நேரத்துக்குன்னு பெரிய எழுத்துல எழுதியிருக்கேன். சனிக்கிழமை வா. வாசக்கதவு திறந்தே இருக்கும்.

நீ வர்றதுக்குள்ள இதைப் படிச்சுடு.

வேணும்னேதான் செஞ்சேன். ஒரு மாசம் யோசிச்சுச் செஞ்சேன். உங்கிட்ட அதை மறைக்கப் போறதில்ல.

எட்டு வயசுலேருந்து பதினாலு வயசு வரைக்கும் ஏழு பண்டிகை நான் அந்த இடத்துல நின்னிருக்கேன். வருஷம் பூரா நான் பண்ணின தப்பையெல்லாம் அப்பா ஞாபகம் வச்சிருப்பார். அப்ப ஒண்ணும் சொல்ல மாட்டார். பண்டிகை அன்னைக்கு எல்லாரும் சாப்பிட உக்காந்ததும், ஆபீஸ் ஆளுங்க முன்னாடி, சிரிச்ச முகத்தோட சொல்லுவார். 'எங்க வீட்டு மகாராணி இந்த வருஷம் ஒரு கண்ணாடி ஜாடியை உடைச்சாங்க. அதனால இன்னைக்கு அவங்க பரிமாறுவாங்க, சாப்பிட மாட்டாங்க.' ஒரு வருஷம் கணக்குல மார்க் கம்மி. ஒரு வருஷம் எதிர்த்துப் பேசினேன். ஒரு வருஷம் என்ன தப்புன்னே சொல்லல, 'அவளுக்கே தெரியும்'னார். எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. ஆபீஸ் ஆளுங்க சிரிப்பாங்க. அவங்களுக்கு அது ஒரு வேடிக்கை. மிச்சம் விழுந்ததை அப்பா அலமாரியில வச்சுப் பூட்டிடுவார், மறுநாள் காலையில ரொட்டிதான். அம்மா ஒரு தடவை ஒரு துண்டுக் கறியைத் துணியில சுத்திக் குடுத்தாங்க. அப்பா பார்த்துட்டார். அவங்களை ஒண்ணும் சொல்லல. அதை என் கையாலேயே நாய்க்குப் போட வச்சார். அதுக்கப்புறம் அம்மா எதையும் எடுத்துத் தரல. நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாங்க.

நீ சாப்பிட்டுக்கிட்டு இருப்பே. நீ சின்னப் பையன், உன்மேல கோபம் இல்லன்னுதான் இத்தனை வருஷமா என்னையே நம்ப வச்சுக்கிட்டு இருந்தேன். 'பரிமாறுறதுல உனக்கு ஆசை'ன்னு எழுதினே பாரு, அன்னைக்குத்தான் உனக்கும் சேர்த்து ஒரு நாற்காலி தயார் பண்ணினேன்.

அவருக்கு வலிக்கணும், உனக்கு உறைக்கணும். அவ்வளவுதான் என் திட்டம். ரெண்டும் நடக்கல. நடந்ததைச் சொல்றேன். நீ எழுதினதுல பாதிதான் இருக்கு.

நீ மூணாவது தடவை சோறு போட்டுக்கிட்டு இருந்தே. பெரியவ ஸ்பூனைக் கீழே வச்சா. 'தாத்தா தட்டு ஏன் காலியா இருக்கு?'ன்னு கேட்டா. 'தாத்தா அப்புறம் சாப்பிடுவார், நீ சாப்பிடு'ன்னே. 'அவர் பார்த்துக்கிட்டே இருக்கார்ப்பா, எனக்கு இறங்க மாட்டேங்குது.' உன் வீட்டுக்காரி மேசைக்கடியில அவ தொடையைக் கிள்ளினா. அவ எழுந்தா. தன் தட்டை எடுத்துக்கிட்டுத் தாத்தாகிட்ட போனா. ஒரு பருக்கை உள்ளே போனா என்ன ஆகும்னு எனக்குத்தான் தெரியும். நான் எழுந்திருக்கப் போனேன். அதுக்குள்ள நீ சொன்னே.

'உக்காந்து சாப்பிடுறதுன்னா சாப்பிடு. இல்லன்னா அங்கேயே நில்லு. தட்டை வச்சுடு. நாங்க முடிக்கிற வரைக்கும் அப்படியே நில்லு. மகாராணிக்கு அப்பத்தான் புத்தி வரும்.'

மகாராணின்னு சொன்னே. அந்த வார்த்தை உனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியுதா?

அவ தட்டை வச்சுட்டு நின்னா, தாத்தாவோட நாற்காலிக்குப் பக்கத்துல. நீ கோழித் தொடையை எடுத்துச் சின்னவன் தட்டுல போட்டே.

அப்பதான் அப்பா சிரிச்சார். நீ இருமல்னு நினைச்சு, 'அக்கா, அவருக்குப் புரையேறுது பாரு'ன்னே. அது இருமல் இல்ல தம்பி. ரெண்டு வருஷமா தினம் அந்த முகத்தைத் துடைக்கிறேன், எனக்குத் தெரியும். இடது பக்கத்து உதடு மட்டும் ஏறுச்சு, தோள் குலுங்குச்சு, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. சிரிச்சு முடிச்சுட்டு, நல்லா இருக்கிற இடது கையை மெல்லத் தூக்கி, அந்தப் புள்ளையோட முதுகுல வச்சுத் தள்ளினார். நேரா நில்லுன்னு. கூன் போடாதேன்னு. எனக்கும் அப்படித்தான் சொல்லுவார்.

நான் என்ன செஞ்சேன்னு கேளு. ஒண்ணும் செய்யல. உக்காந்திருந்தேன். அவ முகத்தைப் பார்க்க முடியல, என் தட்டைப் பார்த்தேன். நடுவுல எழுந்து பால் இனிப்பு எடுத்துட்டு வந்து உங்களுக்கெல்லாம் பரிமாறினேன். அம்மா மாதிரியே.

அடுப்படியில அவ கேட்டா, 'தாத்தா ஏன் சிரிச்சார் அத்தை?'ன்னு. நான் நிஜத்தைச் சொன்னேன். புள்ளைகிட்ட சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனா வேற யாரும் அன்னைக்கு அவகிட்ட நிஜம் பேசல.

நீங்க கிளம்பினப்புறம் அப்பாவுக்குக் கூழ் குடுத்தேன். எப்பவும் பாதியிலேயே வாயை மூடிக்குவார். அன்னைக்குக் கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டுட்டு, இன்னும் வேணும்னு கையைக் காட்டினார். அத்தனை பாடுபட்டு நான் சமைச்ச விருந்துல வயிறும் மனசும் நிறைஞ்சது அவர் ஒருத்தருக்குத்தான்.

சனிக்கிழமை வா. கூட்டிட்டுப் போ.

அக்கா

ஜூன் 10

அக்கா,

சனிக்கிழமை நான் வரல. நீ வாசலையே பார்த்துக்கிட்டு இருந்திருப்பே. இல்ல, வர மாட்டேன்னு உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

எங்க வீடு மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. என் வீட்டுக்காரிக்கு முதுகுவலி. பகல்ல வீட்டுல யாரும் இல்ல. இதெல்லாம் நிஜம்தான். ஆனா காரணம் இது இல்ல. உன் கடிதத்தைப் படிச்சுட்டு என் வீட்டுக்காரி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. 'அந்த மனுஷனும் என் பொண்ணும் ஒரே வீட்டுல இருக்க விட மாட்டேன்.'

மகாராணின்னு சொன்னது எனக்கு ஞாபகமே இல்ல. சத்தியமா இல்ல. பெரியவளைக் கேட்டேன். 'ஆமாப்பா, சொன்னீங்க'ன்னா. கோபமாக்கூடச் சொல்லல, யாரோ அட்ரஸ் கேட்டா சொல்ற மாதிரி சொன்னா.

எனக்கு அப்ப அஞ்சு வயசு அக்கா. அஞ்சு வயசுப் பையன் என்ன பண்ணியிருக்க முடியும்னு எழுத வந்தேன். எழுதிட்டு நானே யோசிச்சுப் பார்த்தேன். கடைசித் தடவை நீ நின்னப்ப எனக்குப் பதினொண்ணு. பெரியவளுக்கு இப்ப என்ன வயசோ அதே வயசு. அவ எழுந்து போனா. நான் தண்ணி கேட்டேன். அது இப்ப ஞாபகம் வருது. 'அக்கா, தண்ணி'ன்னு கேட்பேன். நீ வந்து ஊத்துவே. உன் கை நடுங்கும். ஜக்கு கனம்னு நினைச்சுக்குவேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைச்சேனா, இல்ல இப்ப அப்படிச் சொல்லித் தப்பிக்கிறேனா, எனக்கே தெரியல.

அவ இன்னும் நின்னுக்கிட்டேதான் சாப்பிடுறா. பதினாலு நாள் ஆச்சு. அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். நேத்து கையைப் பிடிச்சு நாற்காலியில உக்கார வச்சேன். உக்காந்தா. ஒரு வாய் சாப்பிடல. கையை எடுத்ததும் எழுந்து, செவுத்தோரம் போயிட்டா. சின்னவனும் இப்ப அவ பக்கத்துல போய் நிக்கிறான், விளையாட்டுன்னு நினைச்சுக்கிட்டு. மேசையில நாங்க ரெண்டு பேர் மட்டும் உக்காந்திருக்கோம். எனக்குச் சோறு தொண்டையில இறங்கல.

நீ சொன்னா கேட்பா. ஒரு வரி எழுதேன் அவளுக்கு. 'உக்காரும்மா'ன்னு ஒரே ஒரு வரி. உன் கால்ல விழுந்து கேட்கிறேன்.

அப்பாவை... நீயே பார்த்துக்கோ. கேட்க எனக்கு வெட்கமா இருக்கு.

தம்பி

ஜூன் 16

தம்பிக்கு,

பெட்டியைப் பிரிச்சு அவர் துணியை எல்லாம் திரும்ப அலமாரியில அடுக்கிட்டேன். பார்த்துக்கிறேன். உனக்காக இல்ல, அவருக்காகவும் இல்ல. வேற யாரும் இல்லங்கிறதுக்காக.

அவர் நல்லா இருக்கார். உடம்பு தேறுதுன்னு டாக்டர் சந்தோஷப்படுறார். பசி எடுக்குதாம். இப்படியே போனா இன்னும் பத்து வருஷம் இருப்பாராம். மத்தியானம் கூழ் வந்ததும் இடது கையால செவுத்தோரத்தைக் காட்டுவார். யாராவது அங்கே நிக்கணும். முந்தாநாள் நர்ஸம்மா என்னமோ ஏதோன்னு போய் நின்னாங்க. அவர் சிரிச்சார். 'பெரியவருக்குக் குறும்பு ஜாஸ்தி'ன்னு அவங்களும் சேர்ந்து சிரிச்சாங்க. நான் அவங்களைக் கூப்பிட்டு, இனிமே அங்கே நிக்காதீங்கன்னு சொன்னேன். ஏன்னு கேட்டாங்க. சொல்லல. அவர் கிண்ணத்தைத் தட்டி விட்டார். தரையைத் துடைச்சுட்டு வேற கூழ் அரைச்சேன். வெறும் செவுத்தைப் பார்த்துக்கிட்டே சாப்பிடப் பழகட்டும். பழகலன்னா தினமும் துடைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்துச்சு. உன் கிளினிக் கவர்ல, ஸ்டாம்ப் கோணலா ஒட்டி. பெரியவ எழுதியிருந்தா. உன்னைப் பத்தி ஒரு குறையும் சொல்லல, பயப்படாதே. ஸ்கூல் திறந்துடுச்சு, புது டீச்சர் நல்லவங்க, சின்னவனுக்குப் பல் ஆடுதுன்னு என்னென்னமோ. கடைசியில ஒரு கேள்வி. 'அத்தை, நீங்க ஏழு தடவை நின்னீங்களே, அப்ப உங்களுக்குப் பசிச்சுக்கிட்டே இருந்துச்சா, இல்ல நின்னு நின்னு பசி போயிடுச்சா? எனக்குப் போயிடுச்சு. அதனாலதான் கேட்கிறேன்.'

எனக்கு நாப்பத்தி நாலு வயசாகுது. அம்மா இதைக் கேட்டதில்ல. நீ கேட்டதில்ல. அத்தனை பக்கம் எழுதியும் நானே இதை எழுதலன்னு அவ கேட்டப்பத்தான் தெரிஞ்சுது. கடையில லென்ஸ் தேய்க்கிற மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அந்தச் சத்தத்துல நான் அழுதது யாருக்கும் கேட்கல.

பதில் எழுதிட்டேன். அவ பேருக்குத் தனியா வரும். நீ பிரிக்கக் கூடாது.

'உக்காரும்மா'ன்னு அதுல எழுதல. அதைச் சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. அவளை அங்கே நிக்க வச்சது நீ. நிக்கிற மாதிரி ஒரு விருந்து வச்சது நான்.

நீ கெஞ்சாதே, அதட்டாதே, கையைப் பிடிச்சு இழுக்காதே. நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துல உனக்குத் தட்டு வைக்க வேண்டாம்னு உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டு, அவ பக்கத்துல போய் நில்லு. எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நில்லு. பசிச்சுதா, போயிடுச்சான்னு எனக்கு எழுத வேண்டாம். அவகிட்ட சொல்லு.

அக்கா